சூரியனுக்குள் நடப்பதைக் குவார்க்கிலிருந்து கணக்கிட முடியுமா? லாட்டிஸ் கியூசிடி ஓர் அறிமுகம்

சூரியனின் மையத்தில் இருக்கும் ஒரு புரோட்டான், இன்னொரு புரோட்டானோடு இணைந்து டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) ஆகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மோதல்களுக்குக் குறைச்சல் இல்லை, நொடிக்கு நொடி மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இணைவு நடக்க வேண்டுமென்றால், இரண்டும் நெருங்கி வரும் அந்த நொடிக்கும் குறைந்த நேரத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது மென்விசை. பெயருக்கேற்ற சோம்பேறி. அதன் சோம்பலால்தான் சூரியன் இன்னும் எரிந்து தீரவில்லை.

இந்த வினையின் வேகத்தை எந்த ஆய்வகத்திலும் யாரும் அளந்தது கிடையாது. சூரிய மையத்தில் உள்ள ஆற்றலில் புரோட்டான்களை மோதவிட்டால், எண்ணிக் காட்டும்படி ஒன்றும் கிடைக்காது. சூரியன் எவ்வளவு வேகமாக எரிகிறது, எத்தனை நியூட்ரினோக்களை அனுப்புகிறது என்ற கணக்குகளோ இந்த வேகத்தில்தான் தொடங்குகின்றன. அவற்றில் பயன்படும் எண் கோட்பாட்டிலிருந்து வருவது. புரோட்டானையும் நியூட்ரானையும் முழு உருண்டைகளாக வைத்துக்கொண்டு, தெரியாத இடங்களில் வேறு வினைகளில் அளந்த மாறிலிகளைப் பொருத்திப் போட்ட கணக்கு அது. நல்ல கணக்குதான், குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அந்த உருண்டைகள் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகள் எந்த விதிப்படி நடந்துகொள்கின்றன என்பது 1970களிலிருந்தே தெரியும். அப்படியிருக்க, அந்த விதியிலிருந்து நேராகக் கணக்குப் போட்டு இந்த எண்ணை எடுத்தால் என்ன?

எடுக்கலாம், கொள்கையளவில். அதற்கான வழியின் பெயர் லாட்டிஸ் கியூசிடி. அந்தக் "கொள்கையளவில்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு பாடு ஒளிந்திருக்கிறது என்பதுதான் மீதிக் கதை.

முதலில் விதி. குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வன்விசையின் கோட்பாட்டுக்குக் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் என்று பெயர், சுருக்கமாகக் கியூசிடி. மின்சாரத்தில் நேர், எதிர் என்று மின்னூட்டம் இருப்பதுபோல இங்கே "நிறம்" என்ற ஒன்று, மூன்று வகையாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பெயர் வைத்தவர்களின் குறும்பு அது. மின்விசையைச் சுமக்கும் ஒளித்துகளுக்கு மின்னூட்டம் கிடையாது. வன்விசையைச் சுமக்கும் குளுவானுக்கோ நிறம் உண்டு. அதனால் குளுவான்கள் குவார்க்குகளை இழுப்பதோடு நிற்காமல் ஒன்றையொன்றும் இழுத்துக்கொள்கின்றன. இதன் விளைவு விசித்திரமானது: குவார்க்குகள் மிக நெருங்கி இருக்கும்போது விசை தளர்ந்துவிடுகிறது, விலக விலக இறுகுகிறது. இதை 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் கணக்கில் காட்டினார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

விசை தளர்ந்திருக்கும் இடத்தில் பேனாவும் காகிதமும் போதும். முதலில் ஒரு தோராய விடை, அதற்கு ஒரு சிறு திருத்தம், திருத்தத்துக்கு இன்னும் சிறிய திருத்தம் என்று போகலாம். மின்விசையில் ஒவ்வொரு திருத்தமும் ஏறக்குறைய 137இல் ஒரு பங்கு என்ற அளவில் சுருங்கிக்கொண்டே போகும். ஆனால் புரோட்டானின் அளவுக்கு விலகி வந்தால் வன்விசையில் திருத்தங்கள் சுருங்குவதே இல்லை. அடுத்த திருத்தம் முந்தையதைவிடப் பெரிதாகவே வந்து நிற்கும். புரோட்டானின் நிறையைப் பாருங்கள்: சுமார் 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி). உள்ளே இருக்கும் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க் ஆகியவற்றின் நிறையைக் கூட்டினால் ஏறத்தாழ 9 எம்இவிதான் தேறும். மீதி 99 சதவீதமும் குளுவான் புலத்தின் ஆற்றல், குவார்க்குகளின் ஓட்டத்தின் ஆற்றல். அதாவது இங்கே திருத்தம்தான் முழு விடையும். காகிதக் கணக்கு எப்படி உதவும்?

1974இல் கென்னத் வில்சன் வேறு வழி சொன்னார். வெளியையும் காலத்தையும் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளாமல், கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போடுங்கள் என்றார். மூன்று திசை வெளி, ஒரு திசை காலம், ஆக நான்கு திசைக் கட்டம். கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் குவார்க் புலம். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும் கோட்டுத் துண்டுகளில் குளுவான் புலம். இந்தக் கட்டத்தைத்தான் லாட்டிஸ் என்கிறோம். உண்மையில் வெளி கட்டம் கட்டமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கட்டட வேலைக்குக் கட்டும் சாரம்போல, இது கணக்குக்காகக் கட்டியதுதான். வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும்: கட்டத்தின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து, விடை எந்த எண்ணை நோக்கிப் போகிறது என்று பார்த்து, இடைவெளி பூஜ்யமானால் என்ன வரும் என்று எடுப்பார்கள்.

குவாண்டம் உலகில் ஒரு புலம் ஒரே பாதையில் மாறுவதில்லை. எப்படியெல்லாம் மாற முடியுமோ அத்தனை வழிகளையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு அலைபோன்ற எண் வருகிறது. கோடிக்கணக்கான அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் கம்ப்யூட்டரால் அதைக் கூட்டி முடிக்க இயலாது. அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிவிட்டால் அலைகள் எல்லாம் நேர் எண்களாகிவிடுகின்றன. நேர் எண்களாக ஆனதும் அவற்றை நிகழ்தகவாகவே பார்க்கலாம். எல்லா வழிகளையும் கூட்டத் தேவையில்லை, நிகழ்தகவு அதிகமுள்ள வழிகளைச் சில நூறோ ஆயிரமோ பொறுக்கியெடுத்துச் சராசரி பார்த்தால் போதும். ஊர் முழுக்கக் கேட்காமல் கருத்துக்கணிப்பு எடுப்பது போலத்தான். ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் மைக்கேல் க்ரூட்ஸ் 1970களின் கடைசியில் இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டியபோது கட்டங்கள் மிகச் சிறியவை.

இன்றைய அளவு என்ன என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு வெளித்திசையிலும் 64 புள்ளிகள், காலத்திசையில் 128. இடைவெளி 0.09 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மீட்டரில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) என்றால் பெட்டியின் பக்கம் ஆறு ஃபெம்டோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர் என்பதால் இரண்டு மூன்று புரோட்டான்கள் தாராளமாக உட்காரலாம். மொத்தப் புள்ளிகள் சுமார் 3.36 கோடி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நான்கு துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு எண்கள். ஆக ஒரே ஒரு மாதிரிக்கு 107 கோடி எண்கள். குவார்க் இந்தக் கட்டத்தில் எப்படிப் பயணிக்கிறது என்று அறிய 40 கோடி வரிசைகள் கொண்ட அணிச் (மேட்ரிக்ஸ்) சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் இந்தத் துறைக்காரர்கள் எப்போதும் வரிசையில் நிற்பதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

சரி, இதிலிருந்து ஒரு துகளின் நிறையை எப்படி எடுப்பது? ஒரு நேரத்தில் புரோட்டானுக்குரிய மூன்று குவார்க்குகளைக் கட்டத்தில் வைக்கிறார்கள். சற்று நேரம் கழித்து அதே மூன்றையும் வெளியே எடுக்கிறார்கள். காலம் கற்பனை எண்ணாகிவிட்டதால் இடைப்பட்ட சமிக்ஞை அலையாக ஆடாமல் தேய்ந்துகொண்டே போகும். கனமான நிலை வேகமாகத் தேயும், லேசானது மெதுவாகத் தேயும். நாம் வைத்தது சுத்தமான புரோட்டானாக இருக்காது, கிளர்ந்த நிலைகளும் கலந்திருக்கும். பரவாயில்லை. காத்திருந்தால் கனமானவை எல்லாம் தேய்ந்து மறைந்து, கடைசியில் மிக லேசான நிலை மட்டும் நிற்கும். அது தேயும் வேகம்தான் நிறை. தேயும் வேகத்தை வரைபடமாகப் போட்டால், முதலில் சரிந்து வந்து ஓரிடத்தில் மேட்டுச் சமவெளி போலத் தட்டையாகும். அந்தத் தட்டையான இடத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். "காத்திருந்தால்" என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் வில்லங்கம்.

2008இல் ஓர் ஐரோப்பியக் குழு இந்த முறையில் புரோட்டான் முதலான துகள்களின் நிறைகளைச் சில சதவீதப் பிழைக்குள் கணக்கிட்டுக் காட்டியது. 2015இல் இன்னும் நுணுக்கமான ஒன்று வந்தது. நியூட்ரான் புரோட்டானைவிட 1.293 எம்இவி கனம், ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இந்த வித்தியாசம் மட்டும் வேறாக இருந்திருந்தால் ஹைட்ரஜனே நிலைத்திருக்காமல் போயிருக்கலாம். அந்த வித்தியாசத்தையும் மின்விசையைச் சேர்த்துக்கொண்டு லாட்டிஸில் எடுத்தார்கள்: சுமார் 1.5, பிழை எல்லைக்குள் சரியாக உட்கார்ந்தது.

ஒற்றைப் புரோட்டானுக்கு இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே, இரண்டை வைத்தால் அணுக்கரு வந்துவிடாதா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

இங்கேதான் அளவுகள் கைவிட்டுவிடுகின்றன. டியூட்ரானில் ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான். இரண்டின் நிறையும் சேர்ந்து சுமார் 1878 எம்இவி. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு ஆற்றலோ வெறும் 2.22 எம்இவி. நான்கு டன் யானையின் முதுகில் ஐந்து கிலோ மூட்டை இருக்கிறது. மூட்டையோடு ஒரு தடவை, மூட்டை இல்லாமல் ஒரு தடவை யானையை எடை போட்டு, கழித்துப் பார்த்து மூட்டையின் எடையைச் சொல்ல வேண்டும். தராசு ஒரு சதவீதம் பிசகினாலும் மூட்டை காணாமல் போய்விடும்.

தராசு பிசகத்தான் செய்கிறது. நாம் எடுப்பது கருத்துக்கணிப்பு என்பதால் எப்போதும் இரைச்சல் இருக்கும். புரோட்டானின் சமிக்ஞை அதன் நிறைக்கேற்ப வேகமாகத் தேய்கிறது. இரைச்சலோ மெதுவாகத்தான் தேய்கிறது. காரணம், இரைச்சலின் அளவைத் தீர்மானிப்பது புரோட்டானைவிட மிக லேசான பையான்கள், அதாவது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள். 1980களிலேயே ஜார்ஜியோ பரிசியும் பீட்டர் லெபேஜும் இதைக் கவனித்து எழுதினார்கள். இயற்கையில் உள்ள நிறைகளை வைத்துப் பார்த்தால், காலத்திசையில் ஒவ்வொரு ஃபெம்டோமீட்டர் தள்ளிப் போகும்போதும் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் சுமார் 40 மடங்கு விழுகிறது. அது ஒரு புரோட்டானுக்கு. ஹீலியம்-4இல் நான்கு நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) இருப்பதால் 40ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும், 25 லட்சம் மடங்குக்கு மேல். இரைச்சலைப் பாதியாக்க மாதிரிகளை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை இரண்டு மடங்கு பெரிதாக வாங்கித் தீர்க்கிற விஷயமில்லை இது.

இன்னொரு தலைவலி எண்ணிக்கை. வைத்த குவார்க்குகளையும் எடுத்த குவார்க்குகளையும் எல்லா வகையிலும் ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு அப் குவார்க்குக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு கிடையாது என்பதால் எது எதுவாகப் போனது என்று சொல்ல முடியாது. டியூட்ரானுக்கு 36 வழிகள். ஹீலியம்-3க்கு 2880. ஹீலியம்-4க்கு 5,18,400. இதைப் பொறுத்தவரை புத்திசாலித்தனமான கணக்கு முறைகள் வந்துவிட்டன, பெரும்பகுதி சமாளித்தாயிற்று. இரைச்சல்தான் விடுவதாக இல்லை.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சமரசம் செய்தார்கள். கணக்கில் குவார்க் நிறையை வேண்டுமென்றே கூட்டிவிடுவது. அப்படிச் செய்தால் பையான் கனமாகும், இரைச்சல் அடங்கும், கணக்கும் சீக்கிரம் முடியும். என்பிஎல்கியூசிடி என்ற குழு பையானின் நிறை 806 எம்இவி இருக்கும்படி வைத்துக்கொண்டது. இயற்கையில் அது சுமார் 140. அதாவது அவர்கள் கணக்கிட்டது நம் பிரபஞ்சத்தின் அணுக்கருவை அல்ல, குவார்க்குகள் கனமாக இருக்கும் ஒரு கற்பனைப் பிரபஞ்சத்தின் அணுக்கருவை. பித்தலாட்டம் போலத் தோன்றலாம். ஆனால் விதி அதேதான், ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது. அங்கிருந்து படிப்படியாக நம் பிரபஞ்சத்தை நோக்கி இறங்கி வரலாம் என்பது நம்பிக்கை.

இப்போது வினைகளுக்கு வருவோம். ஓர் அணுக்கரு வினையில் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து தட்டுகிறது, அல்லது உள்ளிருந்து கிளம்பிப் போகிறது: ஒளித்துகள், எலக்ட்ரான், நியூட்ரினோ. இதை லாட்டிஸில் எப்படிக் காட்டுவது? அழகான வழி ஒன்று உண்டு. பெட்டி முழுவதிலும் ஒரு காந்தப்புலத்தைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் நிலைகளின் ஆற்றல் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது. ஆற்றல் நகர்வைப் பார்த்தால் அந்த நிலைகள் காந்தப்புலத்தோடு எவ்வளவு வலுவாக ஒட்டுகின்றன என்பது தெரிந்துவிடும். நியூட்ரானைப் புரோட்டான் பிடித்துக்கொண்டு ஒரு காமா கதிரை விட்டு டியூட்ரானாக மாறும் வினையை 2015இல் இப்படித்தான் கணக்கிட்டார்கள். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் தனிமங்கள் உருவானது இந்த வினையில்தான் தொடங்கியது. பையான் நிறை 806, 450 என்று இரண்டு இடங்களில் கணக்கிட்டு, அங்கிருந்து 140க்குக் கோடு நீட்டிப் பார்த்ததில் வினைப்பரப்பு, அதாவது வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, 334.9 மில்லிபார்ன் (அதற்கான அலகு) என்று வந்தது. பிழை ஐந்து மில்லிபார்ன் அளவு. மெதுவான நியூட்ரான்களை வைத்து ஆய்வகத்தில் அளந்தது 334.2.

கைதட்டுவதற்கு முன் ஒன்று. இந்த வினைப்பரப்பின் பெரும்பங்கு ஏற்கெனவே துல்லியமாக அளந்து வைத்த பண்புகளிலிருந்தே வந்துவிடுகிறது. இரண்டு நியூக்ளியான்கள் மிக நெருங்கும்போது மட்டும் வரும் சுமார் பத்து சதவீதப் பங்கு இருக்கிறதே, அதைத்தான் லாட்டிஸ் கொடுத்தது. அதுவும் சாதனைதான். ஆனால் "குவார்க்கிலிருந்து 334.9 வந்தது" என்று படித்தால் மிகையாகிவிடும்.

2017இல் அதே குழு மென்விசைக்கும் இதே உத்தியைப் பயன்படுத்தியது. காந்தப்புலத்துக்குப் பதிலாக மென்விசைக்கு ஒத்த ஒரு புலம். அதில் கிடைத்தவை இரண்டு: டிரிட்டியத்தின் (இரண்டு நியூட்ரான் கொண்ட ஹைட்ரஜன்) பீட்டா சிதைவுக்கான, அதாவது ஒரு நியூட்ரான் எலக்ட்ரானை விட்டுப் புரோட்டானாக மாறுவதற்கான வலிமை, அப்புறம் நாம் தொடங்கிய அந்தப் புரோட்டான்-புரோட்டான் இணைவு. யாராலும் அளக்க முடியாத வினைக்கு முதன்முதலாகக் குவார்க் மட்டத்திலிருந்து ஒரு கணக்கு. பையான் நிறை 806 எம்இவி என்ற ஒரே இடத்தில் எடுத்தது என்பதால் பிழை பெரிது. சூரியக் கணக்குகளை மாற்றும் அளவுக்கு அது இன்னும் கூர்மையாகவில்லை.

பிறகு ஒரு சர்ச்சை எழுந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிகச் சுவாரசியமான பகுதி அதுதான். "காத்திருந்தால்" என்று முன்பு சொன்னது நினைவிருக்கும். இரண்டு நியூக்ளியான்களைப் பெட்டிக்குள் வைத்தால் அவற்றின் ஆற்றல் நிலைகள் மிக நெருக்கமாக, சில பத்து எம்இவி இடைவெளியில் அடுக்கியிருக்கும். நெருக்கமான நிலைகள் ஒன்றுபோலவே தேயும் என்பதால் அவை பிரிந்து தெரிய நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இடையில் வரைபடத்தில் ஒரு தட்டையான இடம் தெரியும், பார்க்க உண்மையான சமவெளி மாதிரியே இருக்கும். ஆனால் அது இரண்டு மூன்று நிலைகள் கலந்து உண்டாக்கிய கானல் நீராகவும் இருக்கலாம். கனமான பையான் உலகில் டியூட்ரான் இயற்கையில் உள்ளதைவிடப் பல மடங்கு இறுகப் பிணைந்திருக்கிறது என்று ஆரம்பக் கணக்குகள் சொல்லியிருந்தன. ஜப்பானின் ஹால் கியூசிடி குழு வேறு வழியில் போனவர்கள். அவர்கள் 2007இலேயே நியூக்ளியான்களுக்கிடையே உள்ள விசையை லாட்டிஸிலிருந்து எடுத்து, மிக அருகில் தள்ளுவதையும் சற்று விலகினால் இழுப்பதையும் காட்டியிருந்தார்கள். அவர்கள் முறையில் கனமான பையான் உலகில் டியூட்ரான் பிணைவதே இல்லை.

ஒரே விதியில் தொடங்கிய இரண்டு கணக்குகள் எதிரெதிர் விடை சொன்னால் ஏதோ ஒன்று தவறு. கடந்த சில ஆண்டுகளில் பல குழுக்கள் நேர்த்தியான வேறொரு முறையைக் கையிலெடுத்தன. ஒரே ஒரு விதத்தில் குவார்க்குகளை வைக்காமல் பல விதங்களில் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிலைகளைப் பிரித்தெடுக்கும் முறை. என்பிஎல்கியூசிடி குழுவே 806 எம்இவியில் இதைத் திரும்பச் செய்து பார்த்தது. பழைய ஆழமான பிணைப்பு அதில் தென்படவில்லை. ஆனாலும் இந்த முறை ஆற்றலுக்கு மேல் எல்லையை மட்டுமே தரும், கீழே இன்னொரு நிலை தப்பியிருக்க வாய்ப்புண்டு என்பதால் வழக்கு முழுதாக முடியவில்லை. 2015, 2017 கணக்குகளை இந்த நிழலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நிழல் படாத இடமும் ஒன்று உண்டு. ஒற்றை நியூட்ரானின் பீட்டா சிதைவு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அச்சு இணைப்பு மாறிலி. அளந்த மதிப்பு சுமார் 1.275. 2018இல் வந்த லாட்டிஸ் மதிப்பு 1.271, பிழை ஒரு சதவீதம். இதில் ஒரே நியூக்ளியான் என்பதால் இரைச்சலைச் சமாளிக்க முடிந்தது, பையான் நிறையையும் இயற்கை மதிப்புவரை கொண்டுவர முடிந்தது.

பெரிய அணுக்கருக்கள்? செனான்-136ஐ லாட்டிஸில் வைப்பது நடக்கிற காரியமில்லை, வைக்கவும் தேவையில்லை. இங்கே ஏணிபோல ஓர் ஏற்பாடு இருக்கிறது. அடிப்படியில் லாட்டிஸ் கியூசிடி இரண்டு மூன்று நியூக்ளியான் வினைகளைக் கணக்கிடுகிறது. அந்த எண்களை அடுத்த படியில் இருக்கும் கோட்பாடு வாங்கிக்கொள்கிறது. 1990 வாக்கில் ஸ்டீவன் வைன்பர்க் அணுக்கருக்களுக்காகத் தொடங்கிவைத்த அந்த முறையில் புரோட்டானும் நியூட்ரானும் பையானும்தான் பாத்திரங்கள், குவார்க்குகள் சில மாறிலிகளாகச் சுருங்கிவிடும். அந்த மாறிலிகளை வைத்துப் பல நியூக்ளியான் கணக்குகள் மேல்படியில் நடக்கும். கட்டத்தின் மேல் முழு நியூக்ளியான்களையே வைத்து அணுக்கருக்களைக் கணக்கிடும் வேறொரு முறையும் இருக்கிறது. கார்பன்-12இன் ஹாயில் நிலை என்ற கிளர்ந்த நிலையை 2011இல் கணக்கிட்டது அதுதான். பெயரில் "லாட்டிஸ்" வருவதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏணி அதிகமாகத் தேவைப்படும் இடம் நியூட்ரினோ இல்லாத இரட்டைப் பீட்டா சிதைவு. ஓர் அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் புரோட்டான்களாக மாறி, இரண்டு எலக்ட்ரான்கள் மட்டும் வெளியே வந்தால், நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகள் என்று ஆகிவிடும். இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜெர்மானியம்-76, செனான்-136 போன்றவற்றை நிலத்தடி ஆய்வகங்களில் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒருநாள் தென்பட்டாலும், அதிலிருந்து நியூட்ரினோவின் நிறையைச் சொல்ல அணுக்கருவின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்தப் பங்குக்கு வெவ்வேறு மாதிரிகள் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தில் விடை சொல்கின்றன. அதிலும், இரண்டு நியூட்ரான்கள் மிக நெருங்கும்போது வரும் ஒரு மாறிலியை எந்தச் சோதனையாலும் நேராக அளக்க முடியாது, ஏனென்றால் அந்த வினையே இன்னும் தென்படவில்லை. லாட்டிஸால்தான் அதை அடிப்படையிலிருந்து தர முடியும். இரண்டு நியூட்ரான்கள் இரண்டு புரோட்டான்களாக மாறும் அந்த அடிப்படி வினைக்கு 2024இல் ஒரு முதல் கணக்கு வந்திருக்கிறது. பையான் நிறை அதிலும் 806 எம்இவிதான்.